செவி வழி வரலாறு



நம் தாய்மொழியில் 'கேள்' என்ற சொல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. பாட்டுக் கேட்கிறோம், வானொலி கேட்கிறோம். அதே சொல்லால் வழி கேட்கிறோம், விலை கேட்கிறோம், விளக்கமும் கேட்கிறோம். காது கொடுப்பதற்கும் வினா எழுப்புவதற்கும் தமிழில் ஒரே சொல். திருக்குறளில் 'கல்வி' 40-ஆம் அதிகாரம். 'கேள்வி' 42-ஆம் அதிகாரம். படிக்க வாய்ப்பில்லாதவரும் கேட்டு அறிவு பெறலாம் என்பது வள்ளுவர் காட்டிய வழி. இன்று அந்தக் கேள்வியைப் பற்றி, அதிலும் வரலாற்றைக் காதால் கேட்டு அறிவதைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஏன் இந்தப் பொருள் என்று நினைக்கலாம். நம் பங்கில் தையல் இயந்திரத்தின் முன் நாள் முழுவதும் உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆட்டோவும் லாரியும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அடுப்படியில் காலையும் மாலையும் நிற்கிற தாய்மார்கள் இருக்கிறார்கள். இவர்களுடைய கைக்கும் கண்ணுக்கும் ஓய்வில்லை. காது மட்டும் காலியாக இருக்கிறது. கையில் அலைபேசியும் இருக்கிறது. "ஃபாதர், வரலாறு கேக்கணும்னு ஆசையா இருக்கு. ஆனா ஆயிரம் பேர் பேசுறாங்களே, யாரைக் கேக்குறது?" என்று இவர்களில் பலர் என்னிடம் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அதற்கு விடை தேடுவோம்.

வரலாற்றைக் காதால் கேட்பது புதிய பழக்கமன்று. பழங்காலத்தில் புத்தகம் படிப்பதென்றாலே பெரும்பாலும் வாய்விட்டுப் படிப்பதுதான். மிலான் நகர ஆயர் புனித அம்புரோசு, குரல் எழுப்பாமல் கண்ணால் மட்டும் படித்ததைப் புனித அகுஸ்தீனார் தம் வாழ்க்கை நூலின் ஆறாம் பகுதியில் தனியாகக் குறிப்பிட்டு எழுதியிருக்கிறார். அந்த அளவுக்கு அது அவர் கண்ணில் பட்டிருக்கிறது. கிரேக்க நாட்டு ஹெரடோட்டஸ், தாம் எழுதிய வரலாற்றை ஒலிம்பியாத் திருவிழாவில் கூடியிருந்த மக்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினார் என்று ஒரு செய்தி உண்டு. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை நமக்குச் சொல்கிறவர் யார்? லூசியான் என்ற எழுத்தாளர். ஹெரடோட்டஸ் வாழ்ந்தது கி.மு. 5-ஆம் நூற்றாண்டில். லூசியான் வாழ்ந்தது கி.பி. 2-ஆம் நூற்றாண்டில். இடையே ஏறத்தாழ 600 ஆண்டுகள். ஆகவே இது நடந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. இப்படி நின்று யோசிக்கும் பழக்கத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது எல்லாம் அதைச் சுற்றித்தான்.

பிறகு வானொலி வந்தது. 1931 பிப்ரவரி 12-ஆம் நாள், மார்க்கோனி அமைத்துக் கொடுத்த வத்திக்கான் வானொலியில் திருத்தந்தை பதினோராம் பயஸ் இலத்தீன் மொழியில் உலகத்தோடு பேசினார். நம் நாட்டில் 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சியிலும் வானொலி நிலையங்கள் தொடங்கின. இங்கிலாந்தில் பி.பி.சி. 1948-இல் ரீத் சொற்பொழிவுகள் என்ற வரிசையைத் தொடங்கியது. முதல் ஆண்டில் பேசியவர் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல். 1952-இல் வரலாற்று அறிஞர் ஆர்னால்ட் டாயின்பி பேசினார். பல்கலைக்கழகச் சுவர்களுக்குள் இருந்த பேச்சு, சமையலறைக்கும் தொழிற்கூடத்துக்கும் வந்து சேர்ந்தது.

2004-ஆம் ஆண்டு வாக்கில் 'பாட்காஸ்ட்' என்ற சொல் பிறந்தது. தமிழில் 'வலையொலி' என்கிறோம். வானொலியில் நிகழ்ச்சி வரும் நேரத்துக்கு நாம் காத்திருக்க வேண்டும். வலையொலி நமக்காகக் காத்திருக்கும். அலைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டால், நேரம் கிடைக்கும்போது கேட்கலாம், நிறுத்தலாம், பின்னால் தள்ளி மீண்டும் கேட்கலாம். இன்னொரு வேறுபாடும் உண்டு. வானொலி நிலையத்தில் பேசுவதற்கு முன் உரையை ஒருவர் பார்த்துச் சரி சொல்வார். வலையொலிக்கு அப்படி ஒருவர் தேவையில்லை. ஒலிவாங்கி வைத்திருக்கும் யாரும் வரலாற்று ஆசிரியர் ஆகிவிடலாம். வாட்ஸ்அப்பில் வருகிற குரல் பதிவுக்கு ஒலிவாங்கிகூட வேண்டாம்.

புத்தகத்தில் ஐயம் வந்தால் பக்கத்தைப் புரட்டி அடிக்குறிப்பைப் பார்க்கலாம். குரலுக்கு அடிக்குறிப்பு கிடையாது. அது காதுக்குள் நுழைந்து, நமக்கு வேண்டியவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் பேசுகிறது. ஆகவே எளிதில் நம்பிவிடுகிறோம். தவறான வரலாற்றை நம்பினால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு நாட்டின் கதையைச் சொல்ல வேண்டும்.

ஆப்பிரிக்காவின் நடுவே ருவாண்டா என்றொரு சிறிய நாடு இருக்கிறது. அங்கே ஹூட்டு, துட்சி என்று இரு பிரிவினர். பேசுவது ஒரே மொழி. வாழ்வது ஒரே மலைச்சரிவு. 1990-களின் தொடக்கத்தில் மக்களில் பெரும்பான்மையோர் நம்மைப் போன்ற கத்தோலிக்கர்களாக இருந்தார்கள். நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போன ஜான் ஹானிங் ஸ்பீக் என்ற ஆங்கிலேயர் 1863-இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்த வட்டாரத்தை ஆளும் குடிகள் எத்தியோப்பியா பக்கமிருந்து வந்த வேற்றினத்தார் என்று அதில் எழுதினார். அது ஓர் ஊகம். பின்னால் வந்த காலனி ஆட்சியாளர்கள் அதைத் துட்சி மக்கள்மேல் ஏற்றி, உண்மைபோல் பரப்பினார்கள். 1930-களில் பெல்ஜியம் நாட்டு ஆட்சி, ஒவ்வொருவரும் எந்தப் பிரிவு என்று எழுதிய அடையாள அட்டையைக் கொடுத்தது. ஊகம் அட்டையில் ஏறிவிட்டது.

1993 ஜூலையில் அங்கே ஒரு தனியார் வானொலி தொடங்கியது. சுருக்கமாக ஆர்.டி.எல்.எம். என்பார்கள். இளைஞர்களுக்குப் பிடித்த பாட்டு, வேடிக்கைப் பேச்சு, நேயர்களோடு உரையாடல் என்று கலகலப்பான நிலையம். நடுநடுவே 'வரலாறு' வந்தது. துட்சிகள் வெளியிலிருந்து வந்தவர்கள், நம்மை அடிமையாக வைத்திருந்தவர்கள், மறுபடியும் வைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு. 1994 ஏப்ரலில் கொலை தொடங்கியது. ஏறத்தாழ நூறு நாளில் இலட்சக்கணக்கான துட்சிகள் கொல்லப்பட்டார்கள். எட்டு இலட்சம் பேர் என்றும் ஒரு கணிப்பு உண்டு. கொன்றவர்களில் பலர் பக்கத்து வீட்டுக்காரர்கள். கொல்லப்பட்டவர்களில் பலர் ஆலயங்களில் அடைக்கலம் புகுந்தவர்கள்.

அந்த வானொலியை நிறுவியவர்களில் ஒருவர் பெர்டினான்ட் நஹிமானா. அவர் ருவாண்டா தேசியப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். பன்னாட்டு நீதிமன்றம் 2003 டிசம்பரில் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் 2007-இல் தண்டனை 30 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. கவனியுங்கள் நேயர்களே. வரலாறு படித்தவர், இனிமையான பாட்டு, காதுக்குப் பழகிய குரல் எல்லாம் இருந்தன. 'இவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள் என்று உனக்கு எப்படித் தெரியும்?' என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் போதவில்லை.

நம் ஊரிலும் யார் முதலில் வந்தவர், யார் பிறகு வந்தவர், யாருடைய பாட்டனார் யாருக்கு என்ன செய்தார் என்று குரல் பதிவுகள் சுற்றுகின்றன. ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், அப்படி ஒரு பதிவைக் கேட்டபின் தனித்தனி பெஞ்சுக்குப் போவதைப் பங்குப் பணியில் இருக்கும் எந்தக் குருவும் கண்டிருப்பார். ஆகவேதான் நல்ல வரலாற்று உரையைத் தேடிக் கேட்பது பொழுதுபோக்கைவிடப் பெரிய காரியம் என்கிறேன்.

சரி, நல்லதை எப்படி அறிவது? நான்கு சோதனைகளைச் சொல்கிறேன்.

முதல் சோதனை: பேசுகிறவர் 'இது எப்படித் தெரியும்' என்று சொல்கிறாரா?

ஓர் எடுத்துக்காட்டு. ரோமைப் பற்றிப் பேசுகிறவர்கள், இந்தியாவுடன் நடந்த வணிகத்தால் ரோமின் செல்வம் கரைந்தது என்பார்கள். அதோடு நிறுத்திவிட்டால் அது வெறும் செய்தி. நல்ல பேச்சாளர் மேலே போவார். 'இதைச் சொன்னவர் பிளினி. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர். ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டெர்ஸ் நாணயம் இந்தியாவுக்குப் போகிறது என்று எழுதினார். ஆனால் ரோமர்களின் ஆடம்பரத்தைக் கண்டிப்பது அவர் வழக்கம். ஆகவே அந்தத் தொகையை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?' என்று கேட்பார். பிறகு வேறொரு சான்றைக் கொண்டுவருவார். வியன்னா நகரில் ஒரு பழைய பாப்பிரஸ் தாள் இருக்கிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது; 1985-இல் பதிப்பிக்கப்பட்டது. நம் சங்கப் பாடல்களில் வரும் சேரர் துறைமுகமான முசிறிக்குப் போய்வரும் வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம் அதன் ஒரு பக்கத்தில் இருக்கிறது. மறுபக்கத்தில் 'ஹெர்மபோலோன்' என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கு. அந்த ஒரே கப்பலின் சரக்கு மதிப்பு ஏறத்தாழ 70 இலட்சம் செஸ்டெர்ஸ். இப்போது பிளினியின் பேச்சை ஒரு கணக்குத் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. இப்படிச் சொல்கிறவர் நம்மையும் வேலையில் சேர்த்துக்கொள்கிறார். அவரை நம்பிக் கேட்கலாம்.

இரண்டாம் சோதனை: எந்த ஆண்டின் அறிவு இது?

லிப்ரிவாக்ஸ் என்று ஓர் இணையத் தொண்டு இருக்கிறது. 2005-இல் தொடங்கியது. காப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் படித்துப் பதிவு செய்து, இலவசமாகக் கேட்கக் கொடுக்கிறார்கள். 1776-க்கும் 1788-க்கும் இடையே வெளிவந்த எட்வர்ட் கிப்பனின் ரோமப் பேரரசு வரலாற்றையே அதில் கேட்கலாம். அருமையான சேவை. ஆனால் காப்புரிமை முடிந்த நூல் என்றால் பழைய நூல். வின்சென்ட் ஸ்மித் எழுதிய 'ஆக்ஸ்போர்டு இந்திய வரலாறு' 1919-இல் வெளிவந்தது. ஹரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் புதைந்திருந்த நாகரிகத்தை ஜான் மார்ஷல் உலகுக்கு அறிவித்தது 1924 செப்டம்பரில். ஆகவே அதற்கு முன் எழுதிய எந்த இந்திய வரலாற்றிலும் சிந்துவெளி இருக்காது. எழுதியவர்மேல் குற்றமில்லை, அன்று அது யாருக்கும் தெரியாது. ஆனால் இன்று அந்த நூலைக் குரலில் கேட்கிறவருக்கு நேற்றுப் பேசியதுபோலவே ஒலிக்கும். ஆகவே நூலின் ஆண்டையும் உரை பதிவான ஆண்டையும் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

மூன்றாம் சோதனை: பேசுகிறவர் யார், ஏன் பேசுகிறார்? பிறகு, சான்று என்ன?

குருமடத்தில் திருச்சபை வரலாறு படிக்கும் மாணவர்கள் எல்லாரும் அறியும் ஒரு செய்தி உண்டு. பேரரசர் கான்ஸ்டன்டைன், ரோம் நகரையும் மேற்கு நாடுகளையும் திருத்தந்தை சில்வெஸ்தருக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார் என்று ஒரு பத்திரம் இருந்தது. நூற்றாண்டுகளாக அதை மெய்யென்று நம்பினார்கள். 1440-இல் லொரென்சோ வல்லா என்ற இத்தாலிய அறிஞர் அது போலி என்று நிறுவினார். எப்படி? மொழியை வைத்து. அந்தப் பத்திரத்தின் இலத்தீன், கான்ஸ்டன்டைன் காலத்து இலத்தீன் இல்லை. ரோமில் அதிகாரிகளைக் குறிக்க வழங்காத சொல்லெல்லாம் அதில் இருந்தது. உண்மையில் அது எட்டாம் நூற்றாண்டு வாக்கில் எழுதப்பட்டது என்று இன்று அறிஞர்கள் கொள்கிறார்கள்.

இந்தக் கதையை அரைகுறையாகச் சொல்கிறவர், வல்லா அஞ்சாத உண்மை விளம்பி என்பதோடு முடிப்பார். முழுதும் சொல்கிறவர் இன்னொன்றையும் சொல்வார். அந்த நேரத்தில் வல்லா, திருத்தந்தையோடு பூசலில் இருந்த அரசர் அல்போன்சோவிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு நோக்கம் இருந்தது. அதனால் அவர் சொன்னது பொய்யாகிவிடுமா? ஆகாது. சான்று வலுவாக இருந்தது. பின்னால் திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ், அதே வல்லாவைத் தம் அலுவலகத்தில் பணிக்கு அமர்த்தினார். ஆகவே பேசுகிறவரின் சார்பைத் தெரிந்துகொள்ளுங்கள்; அது உங்களை விழிப்பாக்கும். ஆனால் தீர்ப்பைச் சான்றின்மேல் வையுங்கள். நம் பக்கம் பேசுகிறார் என்பதற்காக ஒருவரை நம்பவும் வேண்டாம். எதிர்ப்பக்கம் பேசுகிறார் என்பதற்காகத் தள்ளவும் வேண்டாம்.

நான்காம் சோதனை: உங்களுக்குத் தெரிந்த ஒன்றில் அவரைச் சோதியுங்கள்.

புதிய பேச்சாளர் ஒருவர் நூறு தலைப்பில் பேசியிருப்பார். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த தலைப்பை முதலில் கேளுங்கள். முத்துக்குளித்துறைப் பக்கத்து மக்களுக்குப் பரதவர் மனமாற்ற வரலாறு தெரியும். 'புனித சவேரியார் வந்து அவர்கள் எல்லாரையும் கிறிஸ்தவர்கள் ஆக்கினார்' என்று ஒருவர் சொன்னால், அவர் மேலோட்டமாகப் படித்தவர் என்று கண்டுகொள்ளலாம். பரதவர்கள் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றது 1535-க்குப் பிந்தைய ஓரிரு ஆண்டுகளில். சவேரியார் கோவாவில் வந்து இறங்கியதே 1542-இல்தான். அவர் வந்து செய்தது, ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றிருந்தும் போதனை இல்லாமல் இருந்த மக்களுக்கு, அவர்கள் மொழியில் செபங்களைக் கற்றுக் கொடுத்தது. நெசவாளர் துணி வணிகம் பற்றிய உரையிலும், விவசாயி ஏரிப்பாசனம் பற்றிய உரையிலும் இதே சோதனையைச் செய்யலாம். தெரிந்ததில் ஒழுங்காக இருக்கிறவரைத் தெரியாததிலும் ஓரளவு நம்பலாம்.

இதற்கு ஒரு துணைச் சோதனையும் உண்டு. கொலம்பஸ் காலத்தில் எல்லாரும் பூமி தட்டை என்று நம்பினார்கள் என்று சொல்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். கிறிஸ்து பிறப்பதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே எரதொஸ்தனிஸ் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். கொலம்பஸுக்கு இரு நூற்றாண்டுக்கு முன் வாழ்ந்த புனித தோமா அக்குவினாவோ, பூமி உருண்டை என்பதைத் தம் பெருநூலின் தொடக்கத்திலேயே எல்லாரும் அறிந்த ஒன்றாக எடுத்துக்காட்டுகிறார். தட்டைப் பூமிக் கதையைப் பரப்பியதில் 1828-இல் வாஷிங்டன் இர்விங் எழுதிய கொலம்பஸ் வரலாற்றுக்குப் பெரும்பங்கு உண்டு.

இனி, எங்கே தேடுவது? ஆங்கிலம் ஓரளவு புரிகிறவர்களுக்கு முதலில் சொல்கிறேன்.

தொடங்குவதற்கு எளிதானது 'நூறு பொருள்களில் உலக வரலாறு'. 2010-இல் பி.பி.சி.யும் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் சேர்ந்து தயாரித்தது. அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த நீல் மெக்ரெகர் பேசுகிறார். ஒரு நாளுக்கு ஒரு பொருள். கால் மணி நேரம். ஆதிமனிதனின் கல்லாயுதம், சிந்துவெளி முத்திரை என்று போய், நூறாவது பொருளாகச் சூரிய ஒளியில் எரியும் விளக்கில் முடிகிறது. ஒவ்வொன்றிலும் கண்ணுக்கு முன்னால் ஒரு பொருள் இருப்பதால், 'எப்படித் தெரியும்' என்ற கேள்விக்கு விடை கூடவே வருகிறது.

அடுத்து 'இன் அவர் டைம்'. 1998 முதல் பி.பி.சி.யில் வருகிறது. நெடுங்காலம் நடத்தியவர் மெல்வின் பிராக். ஒரு தலைப்பு, மூன்று பேராசிரியர்கள், முக்கால் மணி நேரம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட உரையாடல்கள் சேர்ந்திருக்கின்றன. இதில் எனக்குப் பிடித்தது, பேராசிரியர்கள் ஒருவரையொருவர் மறுத்துப் பேசுவது. அறிஞர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு என்பதைக் காதாலேயே கேட்டுத் தெரிந்துகொள்கிறோம்.

கல்லூரி வகுப்பில் உட்கார ஆசைப்படுகிறவர்களுக்கு, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 2007 முதல் தன் வகுப்புகளை இலவசமாகக் கொடுத்திருக்கிறது. டொனால்ட் கேகன் நடத்திய பண்டைக் கிரேக்க வரலாறு 24 வகுப்புகள். பால் ஃப்ரீட்மன் நடத்திய தொடக்க இடைக்கால வரலாறு 22 வகுப்புகள்; கி.பி. 284 முதல் 1000 வரை. திருச்சபை எப்படி வளர்ந்தது என்பதை உலக வரலாற்றின் நடுவே வைத்துப் பார்க்க விரும்புகிறவர்கள் இதைக் கேட்கலாம்.

நீண்ட தொடர்கதைபோல் கேட்க விரும்புகிறவர்களுக்கு மைக் டங்கன் தந்த 'ரோமின் வரலாறு' இருக்கிறது. 2007-இல் தொடங்கி 2012-இல் முடித்தார். அவர் பேராசிரியர் அல்லர். ஆனால் ஒழுங்காகப் படித்து, வரிசையாகச் சொன்னார். அவர் விட்ட இடத்திலிருந்து ராபின் பியர்சன் என்பவர் பைசாந்தியப் பேரரசின் வரலாற்றைத் தொடர்ந்தார். டேன் கார்லின் என்ற இன்னொருவர் போர்களைப் பற்றி மணிக்கணக்கில் உணர்ச்சியோடு பேசுவார். தாம் வரலாற்று அறிஞர் அல்லர் என்று அவரே சொல்லிவிடுவார். அந்த நேர்மையை நானும் மதிக்கிறேன். கதைக்காக அவரைக் கேளுங்கள். முடிவுகளுக்கு வேறொருவரையும் சேர்த்துக் கேளுங்கள். இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட கதைக்கு, வில்லியம் டால்ரிம்பிளும் அனிதா ஆனந்தும் 2022-இல் தொடங்கிய 'எம்பயர்' உதவும்.

தமிழில் மட்டும் கேட்கிறவர்கள் மனம் தளர வேண்டாம். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களிலிருந்து பிறந்தது. அங்கே அறிஞர்கள் நிகழ்த்தும் உரைகள் யூடியூபில் கிடைக்கின்றன. தமிழ் மரபு அறக்கட்டளை என்ற அமைப்பும் உரைகளையும் நேர்காணல்களையும் பதிவு செய்து வைக்கிறது. தேடும்போது தலைப்பைப் போட்டுத் தேடாதீர்கள். 'சோழர் வரலாறு' என்று போட்டால் ஆரவாரமான தலைப்புகள் முன்னால் வந்து நிற்கும். நூலகத்தில் நல்ல நூல் ஒன்றை எடுத்து, அதை எழுதியவர் பெயரோடு 'உரை' என்று சேர்த்துத் தேடுங்கள். ஆய்வு செய்தவரே பேசுவதைக் கேட்பது மேல். தொல்லியல் பற்றியென்றால், அகழாய்வுக் குழியில் நின்றவர் பேசுவதைக் கேளுங்கள்.

கேட்கும் முறை பற்றியும் சில சொற்கள். ஆங்கில உச்சரிப்பு விரைவாகத் தோன்றினால் வேகத்தை முக்கால் அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான செயலிகளில் அந்த வசதி உண்டு. இணையம் இலவசமாகக் கிடைக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டால் செலவு மிச்சம். வண்டி ஓட்டும்போது இரு காதிலும் கருவியைச் செருகிக்கொள்ள வேண்டாம், உயிர் முக்கியம். ஒரே நாளில் ஐந்து உரை கேட்பதைவிட, ஒன்றைக் கேட்டு அதை வீட்டில் ஒருவருக்குத் திருப்பிச் சொல்வது நல்லது. சொல்லும்போதுதான் எது புரிந்தது, எது புரியவில்லை என்று தெரியும். கல்லூரி போகும் பேத்தி ஆங்கிலத்தில் கேட்டதை இரவுச் சாப்பாட்டில் தமிழில் சொன்னால், பாட்டிக்கும் யேல் பல்கலைக்கழகம் வீட்டுக்கு வந்தமாதிரிதான். பாட்டி சும்மா விடமாட்டார். "அவுங்க பேசுனத யாரு எழுதி வச்சா?" என்று கேட்பார். அதுதான் சரியான கேள்வி.

அன்பியக் கூட்டங்களிலும் மாதம் ஒருமுறை கால் மணி நேர உரை ஒன்றைச் சேர்ந்து கேட்டுப் பேசலாம். நம் ஊரைப் பற்றிச் சுற்றுகிற கதைகளையும் அங்கே எடுத்து வையுங்கள். தனியாகக் கேட்கும்போது மனத்தில் தோன்றாத ஐயம், பத்துப் பேர் கூடும்போது ஒருவருக்காவது தோன்றும்.

நேயர்களே, அடுத்த முறை யாரையாவது பழித்து ஒரு குரல் பதிவு உங்கள் அலைபேசிக்கு வந்தால், அதை அடுத்தவருக்கு அனுப்புமுன், அனுப்பியவரிடமே பணிவாக ஒரு வரி எழுதுங்கள்: "அண்ணே, இது எப்படித் தெரியும்?" விடை வந்தால் நீங்கள் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வீர்கள். விடை வராவிட்டால் அந்தப் பதிவு உங்களோடு நின்றுவிடும்.

நல்லதைத் தேடிக் கேளுங்கள். கேட்டதைப் பற்றிக் கேள்வியும் கேளுங்கள். மீண்டும் அடுத்த வாரம் இதே நேரத்தில் சந்திப்போம்.